முத்திரை ஒட்டிய பெட்டியும் திறந்த பெட்டியும்

எங்கள் முதலாளி எந்த வார்ப்பையும் தட்டிப் பார்க்காமல் உள்ளே விடமாட்டார். பீளமேட்டில் தண்ணீர் பம்பு செய்யும் பட்டறை அவருடையது. வெளியிலிருந்து வந்து இறங்கும் ஒவ்வொரு பம்பு உடலையும் சின்னச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்பார். கணீரென்றால் உள்ளே போகும். சத்தம் அடைத்தால் எங்கோ விரிசல் இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிடுவார். இரும்பு ஏற்றி வரும் லாரியை ஓர் எடைமேடையில் நிறுத்தியது போதாதென்று இன்னொன்றிலும் நிறுத்தச் சொல்வார். யாரையும் திட்டமாட்டார், குரலை உயர்த்தவும் மாட்டார். "தப்பா நெனச்சுக்காதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் சந்தேகப்படுவார்.

நான் அங்கே டிராயிங் பிரிவில் இருந்தேன். பிரிவு என்றால் நான் ஒருத்தி, ஒரு சாய்வு மேசை, கோடு இழுக்க ஒரு டீ ஸ்கொயர். அவிநாசிக்குப் பக்கத்தில் ஒரு காலனியில் எங்கள் வீடு. அப்பாவும் அம்மாவும் மற்றவர் தோட்டங்களில் கூலிக்குப் போனவர்கள். டிப்ளமோ முடித்து, கையில் பென்சிலோடு சம்பளம் வாங்கிய முதல் ஆள் எங்கள் தெருவில் நான்தான். காலை ஏழு மணி பஸ்ஸைப் பிடித்தால் எட்டரைக்கு முன் பட்டறை வாசலில் இருப்பேன்.

தொண்ணூறுகளின் நடுவில் வடக்கேயிருந்து ஆர்டர் கொடுக்கும் பெரிய கம்பெனிகள் படங்களைக் காகிதத்தில் வாங்க மறுக்க ஆரம்பித்தன. கம்ப்யூட்டரில் வரைந்து பிளாப்பித் தகட்டில் அனுப்புங்கள் என்றார்கள். முதலாளிக்கு வேறு வழியில்லை. கம்ப்யூட்டர் வாங்க வேண்டும் என்று முடிவானது. ஆனால் எதை வாங்குவது?

கேட்ட இடமெல்லாம் வெவ்வேறு பதில். பெயர்பெற்ற கம்பெனியின் கம்ப்யூட்டரைத் தவிர வேறு எதையும் தொடாதீர்கள் என்றார், பக்கத்து மில்லின் மேனேஜர். அதே கம்ப்யூட்டரைப் பாதி விலைக்குச் சேர்த்துக் கட்டித் தருகிறார்கள், பெயருக்கு எதற்குப் பணம் கொடுப்பது என்றார், மோட்டார் சுற்றுக்கம்பி விற்கும் நண்பர். கம்பெனிப் பெட்டிக்குள் இருப்பதும் வெளிநாட்டுச் சரக்கு, கட்டித் தரும் பெட்டிக்குள் இருப்பதும் அதே வெளிநாட்டுச் சரக்கு என்று ஒருவர். அசெம்பிள் செய்பவர்கள் பழைய சாமானைப் புதுப் பெட்டியில் போட்டுக் கொடுத்துவிடுவார்கள் என்று இன்னொருவர். முதலாளி எல்லாரையும் கேட்டுக்கொண்டார், ஒருவரையும் நம்பவில்லை.

ஒருநாள் என் மேசைக்கு வந்து நின்றார். "அம்மணி, இரும்புன்னா தட்டுனா சொல்லிப்போடுமுங்க. இந்தச் சாமானைத் தட்டியும் பாக்க முடியாது, எடை போட்டும் பாக்க முடியாது. ஒண்ணு செய்யலாம். அதுல ஒண்ணு, இதுல ஒண்ணு வாங்கிப் போடறேன். மூணு மாசம் ரெண்டுலயும் மாத்தி மாத்தி வேலை பாருங்க. எது எப்பிடின்னு தெனமும் எழுதி வையுங்க. எது தேறுதோ அதுல இன்னும் நாலு வாங்கிக்கலாமுங்க."

அப்படித்தான் ஒரே வாரத்தில் இரண்டு கம்ப்யூட்டர்கள் வந்தன. கம்பெனிப் பெட்டி நுரைக்கட்டைகளுக்கு நடுவில், கசங்காத பிளாஸ்டிக்கில் வந்தது. கழுத்துப்பட்டை கட்டிய ஒருவர் வந்து பொருத்திவிட்டு, பெட்டியின் பின்புறத்தில் பளபளக்கும் ஒரு முத்திரையைக் காட்டினார். இதைக் கிழித்தால் உத்தரவாதம் போய்விடும், எங்கள் ஆள் மட்டும்தான் திறக்கலாம் என்றார். முதலாளிக்கு அந்த முத்திரை பிடித்துப்போனது. விரலால் இரண்டு தடவை தடவிப் பார்த்தார்.

மற்றொன்றைக் கட்டித் தந்தவர் உக்கடம் பக்கத்தில் மாடியில் கடை வைத்திருந்த பாய். முப்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லியான ஆள், பேச்சு குறைவு. பெட்டியை டிவிஎஸ் வண்டியில் முன்னால் வைத்துக் கொண்டுவந்தார். எங்கள் முன்னாலேயே மூடியைக் கழற்றி, இது போர்டு, இது ஹார்டு டிஸ்க், இது மெமரி, நாலு எம்பி வீதம் நாலு துண்டு, மொத்தம் பதினாறு என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். கம்பெனிப் பெட்டியிலும் பதினாறுதான். பிராசசரும் இரண்டிலும் ஒன்றே. மெமரி என்றால் என்ன என்று முதலாளி கேட்டதற்கு, "மேசை மாதிரீங்க. மேசை பெருசா இருந்தா படத்தை நல்லா விரிச்சு வைக்கலாம். சின்னதுன்னா மடிச்சு மடிச்சுப் பாக்கோணும்" என்றார். எனக்கு அது சட்டென்று புரிந்தது.

இரண்டு பெட்டிகளும் கண்ணாடி தடுத்த ஒரு சின்ன அறையில் பக்கத்துப் பக்கத்து மேசைகளில் இருந்தன. காலையில் ஒன்று, மதியம் இன்னொன்று என்று வேலை பார்த்தேன். சாயங்காலம் கிளம்பும் முன் எழுதுவேன்.

முதல் மாதக் குறிப்புகளில் பாதி என் உடம்பைப் பற்றியவை. கம்பெனிக்காரர் கொடுத்த திரையில் எழுத்து கூர்மை, கண் எரிவதில்லை. கீபோர்டு விரலுக்கு இதம். சத்தமே இல்லை, ஓடுகிறதா என்று பச்சை விளக்கைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பாயின் பெட்டி மதியத்துக்கு மேல் உறுமும். அதன் தகர ஓரத்தில் என் விரல் இரண்டு தடவை கீறிக்கொண்டது. பக்கத்துக் கொட்டகையில் பம்பைச் சோதிக்க மோட்டாரைப் போட்டால் கரண்ட் ஒரு நொடி இறங்கும். கம்பெனிப் பெட்டி தாங்கிக்கொள்ளும். பாயின் பெட்டி அணைந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அதற்குள் வரைந்தது போய்விடும்.

ஆனால் பட்டறைத் தூசிக்குக் கம்பெனிப் பெட்டியிடம் பதில் இல்லை. கருமணல் எல்லா இடத்திலும் நுழையும். பாயின் பெட்டியில் பிளாப்பி போடும் வாய் அடைத்துக்கொண்டபோது அவர் அரைமணி நேரத்தில் வந்து தூரிகையால் தட்டிவிட்டுப் போனார். கம்பெனிப் பெட்டிக்கு அதே கோளாறு வந்தபோது ஆள் வர ஒன்பது நாள் ஆனது. முத்திரைக்குப் பயந்து நாங்கள் யாரும் அதைத் தொடவில்லை. இன்னொன்றும் எழுதினேன்: பெரிய படம், அதாவது பம்பு முழுவதையும் சேர்த்துக் காட்டும் படம் வந்தால் இரண்டும் தடுமாறுகின்றன, கம்பெனிப் பெட்டி சற்று அதிகமாகத் தடுமாறி உறைந்தே போகிறது.

இரண்டாம் மாதம் அது மோசமானது. ஒரே காலையில் நாலு தடவை திரை உறைந்தது. முதலாளி கம்பெனிக்குப் போன் போட்டார். அந்த வாரம் அவிநாசியில் தேர். நான் மூன்று நாள் விடுப்பு எடுத்திருந்தேன். திரும்பி வந்தபோது, கம்பெனி ஆள் வந்து சரி செய்து, புது முத்திரை ஒட்டிவிட்டுப் போனதாக முதலாளி சொன்னார். போட்டுப் பார்த்தேன். பெரிய படம் தடங்கல் இல்லாமல் விரிந்தது. உருட்டினால் உருண்டது. எனக்கே ஆச்சரியம். கம்பெனி என்றால் கம்பெனிதான் என்று எழுதி வைத்தேன்.

பாயின் பெட்டியிலும் ஒரு மாற்றம் கண்டேன். அதைப் போட்டதும் கறுப்புத் திரையில் ஓர் எண் ஓடி ஏறி நிற்கும். முன்பு பதினாறாயிரத்துச் சொச்சம் வரை போகும். இப்போது எட்டாயிரத்திலேயே நின்றது. அதற்கு அர்த்தம் எனக்குத் தெரியாது. சீக்கிரம் எண்ணி முடிக்கிறது, முன்னைவிட வேகமாகத் துவங்குகிறது என்று அதையும் நல்ல குணமாகவே எழுதினேன். கம்பெனிப் பெட்டியில் அந்த எண்ணே வராது. போட்டவுடன் கம்பெனியின் சின்னம் திரையை நிறைத்துவிடும்.

ஆனால் வேலையில் பாயின் பெட்டி நாளுக்கு நாள் படுத்தது. கோட்டை இழுத்தால் பின்னாலேயே நொண்டிக்கொண்டு வரும். படத்தைத் திறக்கச் சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாலும் திறந்திருக்காது. இரண்டு வாரம் இதையே எழுதினேன். முதலாளி சனிக்கிழமைதோறும் என் நோட்டை வாங்கிப் படிப்பார். "ஏனுங்கம்மணி, அசெம்பிள்னா ரெண்டு மாசந்தானுங்களா வண்டி ஓடும்?" என்று கேட்டார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

பாய்க்குச் சொல்லி அனுப்பினோம். வந்தார். மூடியைக் கழற்றிக் குனிந்து பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இதை யாராச்சும் தொறந்தாங்களாங்க மேடம்?"

யாரும் திறக்கவில்லை என்றேன். நான்கு துண்டு மெமரியில் இரண்டைக் காணவில்லை. இரண்டு காலிப் பள்ளங்களை விரலால் காட்டினார். எட்டு எம்பி இல்லை, அதனால்தான் நொண்டுகிறது என்றார். மூடியை மாட்டித் திருகுகளை நிதானமாக முடுக்கினார். முடுக்கும்போது ஒரு தடவைகூட என் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்த நாளில் இரண்டு விரல் அகலம்கூட இல்லாத அந்தப் பச்சைத் துண்டுகளுக்கு நல்ல மதிப்பு. மடியில் வைத்துக் கொண்டுபோய்விடலாம், எந்தக் கடையிலும் விற்கலாம். அறையில் இருப்பவள் நான். திறக்கத் தெரிந்தவர் அவர். மூன்றாவதாக ஒருவரை நினைக்க யாருக்கும் தோன்றவில்லை.

எனக்கு அவர்மேல்தான் சந்தேகம் வந்தது. தூசி தட்ட வந்தாரே, அன்றைக்குக் கழற்றியிருப்பார். இல்லாவிட்டால் நாலு என்று சொல்லிக் காட்டியதே ஏதாவது கண்கட்டாக இருக்கும். இப்போது மறுபடி விற்க வழி செய்கிறார். பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் இதையே கோத்துக்கொண்டிருந்தேன். கோக்கக் கோக்கச் சரியாகவே வந்தது. திறக்க முடிகிற பெட்டியைக் கொடுத்தவர், அதனால் திருட முடிகிறவரும் அவரே. முத்திரை ஒட்டிய பெட்டியைக் கொடுத்தவர்கள்மேல் அப்படி ஒரு நினைப்பு எனக்கு ஒரு நிமிடம்கூட வரவில்லை.

முதலாளி என்னிடம் எதுவும் கேட்கவில்லை. மறுநாள் கண்ணாடி அறைக்குப் பூட்டு வந்தது. காலையில் அவரே வந்து திறப்பார். நான் சாப்பிடப் போகும்போது அவரே வந்து பூட்டுவார். "தப்பா நெனச்சுக்காதீங்க அம்மணி, பூனை கீனை வந்துபோடுது" என்றார். அந்தப் பட்டறையில் நான் பூனையைப் பார்த்ததே இல்லை. அந்த வாரத்திலிருந்தே வாசல் காவலாளி போகிற ஆட்களின் பைகளைத் திறந்து பார்க்க ஆரம்பித்தார். எல்லார் பையையும் பார்த்தார், எனக்கென்று தனியாக இல்லை. என் பையில் இருந்தது ஒரு காலி டிபன் பாக்ஸ், பஸ் பாஸ், ஒரு குடை. அவர் டிபன் பாக்ஸின் மூடியையும் திறந்து பார்த்தார்.

வீட்டில் சொன்னேன். அம்மா பதறவில்லை. பருத்தி எடுக்கப் போன காலத்தில் சாயங்காலம் வரப்பில் வரிசையாக நிற்க வைத்து மடியை உதறிக் காட்டச் சொல்வார்களாம். ஒட்டியிருக்கும் பஞ்சுப் பிசிறைக்கூடத் தட்டிவிட்டுத்தான் போக வேண்டுமாம். "நாம எடுக்கலீன்னு நமக்குத் தெரியுமில்ல கண்ணு, உதறிக் காட்டிப்போட்டு வந்துரு" என்றாள். அவள் ஆறுதலுக்குத்தான் சொன்னாள். எனக்கோ, படித்து, பென்சில் பிடித்து, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்த பிறகும் அந்த வரப்பிலேயே நிற்கிறேனே என்றிருந்தது.

மூன்றாம் மாதம் முடியப் பத்து நாள் இருந்தது. முதலாளி கம்பெனிப் பெட்டியே வாங்குவது என்று கிட்டத்தட்ட முடிவுக்கு வந்திருந்தார். கடைசியாக, எதில் என்ன இருக்கிறது என்று ஒரு பக்கத்தில் சுருக்கமாக எழுதித் தரச் சொன்னார். வரையும் மென்பொருளோடு வந்த தடித்த கையேட்டைப் புரட்டினேன். கம்ப்யூட்டரில் எவ்வளவு மெமரி இருக்கிறது என்பதை எந்த இடத்தைச் சொடுக்கிப் பார்க்கலாம் என்று அதில் படம் போட்டிருந்தது. பாயின் பெட்டியில் பார்த்தேன். எட்டு. அது தெரிந்ததுதான். கம்பெனிப் பெட்டியில் பார்த்தேன்.

இருபத்து நான்கு என்றிருந்தது.

அணைத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தேன். இருபத்து நான்கு. அது வந்தபோது கூட இருந்த தாளை எடுத்துப் பார்த்தேன். பதினாறு என்றே அச்சிட்டிருந்தது. ஒரு துண்டுக் காகிதத்தில் கழித்தேன். சின்னக் குழந்தை போடும் கணக்கு அது. இருந்தும் இரண்டு தடவை போட்டேன். பிறகு அந்தக் காகிதத்தைக் கிழித்துக் குப்பைத்தொட்டியில் போடாமல் கைப்பையில் வைத்துக்கொண்டேன். அடுத்த நொடியே வாசலில் பையைத் திறப்பார்கள் என்று நினைவு வந்து, அதை வெளியே எடுத்துப் பொடிப்பொடியாகக் கிழித்தேன்.

இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. காணாமல் போனது பக்கத்து மேசையில் இருக்கிறது என்று சொன்னால் முதல் கேள்வி என்னவாக இருக்கும்? உங்களுக்கு எப்படித் தெரியும் என்பார். அறைக்குள் இருப்பவள் நான். கம்பெனிப் பெட்டி நன்றாக ஓட வேண்டும் என்று நானே மாற்றி வைத்தேன் என்றால் என்ன சொல்வேன்? நோட்டில் அதைப் புகழ்ந்து எழுதியவளும் நான். அந்தக் கம்பெனி ஆளிடம் ஏதாவது வாங்கிக்கொண்டேன் என்றுகூட நினைக்கலாம். முதலாளி எப்படி நினைப்பார் என்று அவருக்கு முன்னாலேயே நான் நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஒரு மாதத்தில் அந்தப் பழக்கம் எனக்கும் தொற்றியிருந்தது.

மூன்றாம் நாள் காலை அவர் பூட்டைத் திறந்ததும் சொல்லிவிட்டேன். திரையில் எண்ணைக் காட்டினேன், தாளைக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். எதிர்பார்த்தபடியே கேட்டார்.

"இது உங்களுக்கு எப்பிடீங்க தெரியும்?"

"பொஸ்தகத்துல போட்டிருக்குதுங்க சார். படிச்சுப் பாத்தேனுங்க."

"பாயோட பெட்டீல இருந்தது இதுக்குள்ள எப்பிடீங்க போகும்? இது முத்திரை ஒட்டுனது."

"அது எனக்குத் தெரியலீங்க. ஆனா நான் லீவு போட்ட மூணு நாளுல ஒரு ஆளு வந்து இதைத் தொறந்தாருங்க. நான் அப்ப இங்க இல்லீங்க."

அவர் தன் அறைக்குப் போனார். கம்பெனிக் காகிதங்கள் வைத்திருக்கும் கோப்பை எடுத்து வந்தார். வேலை செய்துவிட்டுப் போகும் ஆள் எழுதிக் கொடுக்கும் சீட்டு ஒன்று அதில் இருந்தது. நீல கார்பன் எழுத்து, ஆங்கிலம். என்னிடம் நீட்டிப் படிக்கச் சொன்னார். பக்கத்துக் கம்ப்யூட்டரிலிருந்து எட்டு எம்பி எடுத்துப் போட்டுச் சோதித்தேன், கோளாறு தீர்ந்தது, கம்பெனியிலிருந்து புது மெமரி வந்ததும் இதைத் திருப்பிப் பொருத்த வேண்டும் என்று எழுதியிருந்தது. கீழே முதலாளியின் கையெழுத்து.

அவர் அந்தக் கையெழுத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். அந்த ஆள் வந்தபோது ஏதோ கேட்டதும், அவசரமாக இரும்பு வார்க்கும் பவுண்டரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்ததால் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு, நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டதும் மெல்ல மெல்ல ஞாபகம் வந்தன. தமிழில் எழுதியிருந்தால் படித்திருப்பேன் என்றார். என்னிடம் சொல்லவில்லை, சீட்டிடம் சொன்னார்.

கம்பெனிக்குப் போன் போட்டபோது, அந்த ஆள் வேலையை விட்டுப் பெங்களூர் போய்விட்டதாகவும், வேறு ஆள் வரப் பத்து நாளாகும் என்றும், அதுவரை முத்திரையைத் தொடக்கூடாது என்றும் சொன்னார்கள். முதலாளி போனை வைத்துவிட்டு அன்றைக்கே பாயை வரவழைத்தார். விஷயத்தை அவரே பாயிடம் சொன்னார். சுருக்கமாக, பாதி முழுங்கித்தான் சொன்னார். பிறகு கம்பெனிப் பெட்டியைக் காட்டித் திறக்கச் சொன்னார்.

பாய் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "நான் தொடமாட்டேனுங்க. முத்திரையை நீங்களே கிழிச்சுக் குடுங்க, அப்பறம் தொறக்கறேன்."

முதலாளி நகத்தால் சுரண்டிப் பார்த்தார். வரவில்லை. மேசைமேல் இருந்த பிளேடால் கிழித்தார். பாய் மூடியை எடுத்தார். உள்ளே எங்கள் பட்டறைத் தூசி அப்பிக் கிடந்தது, இன்னொரு பெட்டிக்குள் இருந்ததைவிட அதிகமாக. இரண்டு பெரிய துண்டுகளுக்குப் பக்கத்தில் இரண்டு சின்னத் துண்டுகள். பாய் ஒன்றைக் கழற்றித் திருப்பிக் காட்டினார். பின்புறம் மார்க்கர் பேனாவால் அவர் போட்ட சுழி இருந்தது. தான் விற்கும் ஒவ்வொரு சாமானிலும் அதைப் போடுவாராம். அது எங்கள் யாருக்கும் தெரியாது.

அவற்றைப் பழைய இடத்தில் பொருத்தினார். பெட்டியைப் போட்டதும் எண் பதினாறாயிரத்தைத் தாண்டி ஓடி நின்றது. முதலாளி மூன்று பேருக்கும் காபி வாங்கி வரச் சொன்னார். "மறதிதானுங்க, வேற ஒண்ணுமில்ல" என்றார். பாய் காபியைப் பாதி குடித்துவிட்டு வைத்தார்.

என் நோட்டில் இரண்டாம் மாத விடுப்புக்குப் பிறகு எழுதிய அத்தனையும் பொய்யாகிவிட்டது. வேண்டுமென்றே எழுதியது ஒரு வரிகூட இல்லை. கம்பெனிப் பெட்டியின் பலம் என்று பக்கம் பக்கமாக எழுதியதில் பாதி பாயின் மெமரி. பாயின் பெட்டியின் பலவீனம் என்று எழுதியது முழுக்க அது இல்லாத குறை. அந்தப் பக்கங்களை அடித்துவிட்டு இன்னும் ஒரு மாதம் கொடுங்கள் என்று கேட்டேன். கொடுத்தார். அந்த மாதம் நான் ஒவ்வொரு நாள் காலையிலும் இரண்டு பெட்டிகளிலும் மெமரியைப் பார்த்துக் குறித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினேன்.

முடிவு எவருடைய பேச்சோடும் ஒத்துப்போகவில்லை. படம் வரையப் பாயின் பெட்டி மேல். மெமரி போதாவிட்டால் கூட்டிக்கொள்ளலாம், கெட்டால் அன்றைக்கே சரியாகும், உள்ளே என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்க்கலாம். கடிதம் அடிக்க, கணக்குப் பார்க்க, கரண்ட் ஏறி இறங்கும் இடத்தில் வைக்கக் கம்பெனிப் பெட்டி மேல். திரையும் கீபோர்டும் அதனுடையவையே நல்லவை. டிராயிங்குக்குப் பாயின் பெட்டி, ஆபீசுக்குக் கம்பெனிப் பெட்டி என்று எழுதிக் கொடுத்தேன். முதலாளி படித்துவிட்டு, மூன்று அசெம்பிள் பெட்டியும் ஒரு கம்பெனிப் பெட்டியும் வாங்கலாம் என்றார்.

பாய் கட்டித்தர மறுத்துவிட்டார். பட்டறைக்கு நேரில் வந்து சொன்னார். "கோவம் ஒண்ணுமில்லீங்க. போன மாசம் ரெண்டு தடவ இங்க வந்துபோட்டுப் போறப்ப உங்க கேட்டுல என் சாமான் பையைக் கொட்டிக் காட்டிட்டுத்தான் போனேனுங்க. நாளைக்கு ஒரு திருகு காணமுன்னாலும் எனக்கு அதே ஞாபகமா இருக்கும். வேண்டாமுங்க."

முதலாளி வற்புறுத்தவில்லை. வேறு அசெம்பிள் செய்பவரைத் தேடவும் இல்லை. நான்கும் கம்பெனிப் பெட்டிகளாகவே வாங்கினார். மூன்று மாதமும் அதற்கு மேல் ஒரு மாதமும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகு, கடைசியில் எது வாங்குவது என்பதை முடிவு செய்தது ஒரு மனிதருடைய மனவருத்தம்தான். பெரிய படங்கள் திரையில் உறைந்து நின்றபோதெல்லாம் நான் யாரிடமும் எதுவும் சொல்லாமல் காத்திருந்தேன்.

என்னிடம் முதலாளி மன்னிப்பு என்று ஒன்றும் கேட்கவில்லை. அறையின் பூட்டு மட்டும் ஒருநாள் காணாமல் போனது. வாசலில் பையைப் பார்ப்பது நிற்கவில்லை. அது நல்ல ஏற்பாடு என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

இரண்டு வருடம் கழித்து அந்த வேலையை விட்டேன். சின்னப் பட்டறைகளுக்கு வீட்டிலிருந்தே படம் வரைந்து கொடுக்கலாம் என்று துணிந்து, எனக்கென்று ஒரு கம்ப்யூட்டர் வாங்கக் கிளம்பினேன். உக்கடம் மாடிக் கடை மூடியிருந்தது. அதற்குள் கலவரம் நடந்து ஊரே மாறிவிட்டிருந்தது. யார் எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்று கேட்டுவிட்டுத்தான் பேசுகிற காலம் வந்திருந்தது. பாய் குடும்பத்தோடு போத்தனூருக்குப் போய்விட்டதாக, கீழே செருப்புக்கடை வைத்திருந்தவர் சொன்னார். ரயில்வே குடியிருப்பைத் தாண்டி ஒரு சந்தில், வீட்டு முன்னறையிலேயே கடை போட்டிருந்தார்.

என்னைக் கண்டதும் அடையாளம் தெரிந்தது. நாற்காலியைத் துடைத்துப் போட்டார். என்ன வேண்டும் என்று சொன்னேன். பேசிக்கொண்டிருக்கும்போது, நான் அன்றைக்கு அவர்மேல் சந்தேகப்பட்டதைச் சொல்லிவிட வேண்டும் போலிருந்தது. சொன்னேன். தூசி தட்ட வந்த நாளில் நீங்கள்தான் கழற்றினீர்கள் என்று ஒரு மாதம் நம்பிக்கொண்டிருந்தேன் என்றேன்.

அவர் திருப்புளியை மேசையில் வைத்தார்.

"நான் நீங்கதான்னு நெனச்சேனுங்க" என்றார். "அந்தச் சுழியைப் பாக்கற நிமிசம் வரைக்கும். பாத்த பொறகும் கொஞ்ச நாளு நெனச்சேன். மாட்டிக்குவோமுன்னு நீங்களே அதுக்குள்ள வெச்சிருப்பீங்கன்னு."

"சீட்டுல எழுதியிருந்துதுங்களே."

"சீட்டை எனக்கு யாருங்க காட்டுனா?"

அது உண்மை. முதலாளி அந்தச் சீட்டை அவரிடம் காட்டவே இல்லை. தன் கையெழுத்து அதில் இருந்ததே. நானும் எடுத்துக் காட்டவில்லை. வேலை போய்விடும் என்ற பயம் எனக்கு. இப்போது வாயால் சொன்னேன், சீட்டில் இருந்ததை வரிக்கு வரி சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். நம்பினாரா என்று முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை.

பெட்டி தயாராக ஒரு வாரம் ஆகும் என்றார். தயாரானபோது நான் போய் அவர் எதிரிலேயே உட்கார்ந்தேன். ஒவ்வொரு சாமானையும் பொருத்துவதற்கு முன் அதன் மேல் இருக்கும் எண்ணை அவர் வாசித்தார், நான் எழுதினேன். போர்டு, டிஸ்க், மெமரி, மின்விசிறி வரைக்கும். இரண்டு படி எடுத்து இருவரும் கையெழுத்துப் போட்டோம். ஒன்று அவரிடம், ஒன்று என்னிடம். அது அவர் யோசனையா என் யோசனையா என்று இப்போது நினைவில்லை. இருவருமே அதை வேண்டாம் என்று சொல்லவில்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது.

ஆட்டோவில் பெட்டியை ஏற்றும்போது அவர் ஒரு பக்கம் பிடித்தார், நான் ஒரு பக்கம் பிடித்தேன். ஏதாவது கோளாறென்றால் எந்த நேரமும் சொல்லி அனுப்புங்கள், அவிநாசி என்றாலும் வருகிறேன் என்றார். அதற்குப் பிறகு நான்கு தடவை வந்தார். நான்கு தடவையும் மூடியைத் திறந்ததும் என்னைக் கூப்பிட்டு நிறுத்தி, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் உள்ளே கையை வைத்தார்.